விரிசல் பார்க்கும் குச்சி

என் அக்கா புருஷன் இருபத்தெட்டு வருஷம் குளிர்பான ஆலையில் பாட்டில் தட்டியவர். கழுவி வரும் கண்ணாடி பாட்டிலை எடுத்து, ஒரு மரக்குச்சியால் கழுத்தில் லேசாகத் தட்டுவார். கணீரென்றால் உள்ளே போகும். மந்தமாகக் கேட்டால் விரிசல் என்று அர்த்தம், குப்பைத் தொட்டிக்குப் போகும். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட மாமா காதுக்குத் தப்பாது. அந்தக் காதை, நாள் முழுக்க ஆயிரக்கணக்கில் பாட்டில்கள் மோதிக்கொள்ளும் அதே ஆலை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது.

பகலெல்லாம் பாட்டிலைக் கேட்டவர், சாயங்காலம் அக்காவைக் கேட்பார். அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவி முடித்ததும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து நாலைந்து பாட்டு பாடுவாள். மாமா எதிரே ஃபிரிட்ஜில் முதுகைச் சாய்த்துக்கொள்வார். அந்தப் பழைய ஃபிரிட்ஜின் உறுமல்தான் அவர்களுக்குத் தம்புரா. "கொஞ்சம் இறங்குது" என்பார். அவள் ஏற்றிப் பிடிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். மேல்மாடியில் குடியிருக்கும் எனக்கு ஓசிக் கச்சேரி.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் கேள்வி வேகமாகக் குறைந்தது. முதலில் உச்சஸ்தாயி போனது, பிறகு சொற்களின் ஓரங்கள். கடைசியில் அக்காவின் வாயைப் பார்த்தே என்ன பாட்டு என்று கண்டுபிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டார். செவிடன் காதில் ஊதின சங்கு என்ற பழமொழியை அந்த வீட்டில் நாங்கள் யாரும் வாயில் எடுப்பதில்லை. "தாராளமா சொல்லுங்கப்பா, எனக்கா கேக்கப் போகுது" என்று அவரே சிரிப்பார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

காது பரிசோதிக்கும் பெண்ணிடம் நான்தான் அழைத்துப் போனேன். மேஜையில் இரண்டு வகைக் கருவிகளை வைத்தாள். ஒன்று காதுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும், கொண்டைக்கடலை அளவு. இன்னொன்று காதுக்குப் பின்னால் உட்காரும், பளிச்சென்று வெளியே தெரியும்.

"ஐயாவுக்கு முக்கியமா என்ன கேக்கணும்?" என்றாள்.

மாமா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "பேசறது புரிஞ்சா போதும்மா. வெளிய தெரியாததா குடுங்க."

நான் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். அழகாக இருக்கிறதே என்று காலைக் கடிக்கிற செருப்பை வாங்கிப் போகிறவர்களைப் பார்த்து முப்பது வருஷமாகச் சிரிக்கிறவன். அன்றைக்கு அதே முட்டாள்தனத்தை இன்னொருவர் காதுக்குச் செய்தேன். முப்பது நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் சொல்லித்தான் அனுப்பினாள்.

முதல் நாள் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. குழாய் சொட்டுவது கேட்டது. நான் மாடிப்படி இறங்குவது கேட்டது. "ஏம்ப்பா, செருப்புக் கடைக்காரன் செருப்பே தேஞ்சு இழுக்குதே" என்று கிண்டல் வேறு. சாயங்காலம் அவசர அவசரமாக ஃபிரிட்ஜில் சாய்ந்து உட்கார்ந்தார். அக்கா ஆசையாகத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள். மேலே போய் ஒரு ஸ்வரத்தை நீளமாகப் பிடித்து நின்றாள்.

மாமாவின் முகம் தொங்கிப் போனது. "உன் குரல்ல விரிசல் விட்டிருக்கு" என்றார்.

வேறு எந்த மனுஷனுக்கும் அந்த வார்த்தை வாயில் வந்திருக்காது. மூன்று வருஷமாகத் தான் சரியாகக் கேட்காத காலத்தில் அவளுக்கும் வயதாகிவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். பாவம், உள்ளுக்குள் உடைந்துபோய்ச் சொன்ன சொல் அது. ஆனால் ஐம்பத்தாறு வயதில் பாடுகிறவள் எதைக் கேட்கப் பயப்படுவாளோ அதையே கேட்டாள். எழுந்து போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாட்டில்லை. பாத்திரம் கழுவுவாள், கையைத் துடைப்பாள், படுக்கப் போய்விடுவாள்.

மாமா தினமும் ஃபிரிட்ஜ் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தார். அவள் வரவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம், யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இருபத்தாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மாமா மாடிப்படி ஏறி ஓடிவந்தார். ஒரு கையில் ஸ்பூன், இன்னொரு கையில் மூன்று கண்ணாடி டம்ளர்.

"மூணும் விரிசல்!" என்றார்.

"நேத்துதானே மாமா புதுசா வாங்கினோம்?"

"அதாம்ப்பா! ஆலையில எங்களுக்கு ஒரே ஒரு சட்டம். வரிசையா மூணு பாட்டில் செத்த சத்தம் குடுத்தா, பாட்டில்ல கை வைக்கக் கூடாது. முதல்ல குச்சிய பாக்கணும்." கருவிகளைக் காதிலிருந்து பிடுங்கினார். டம்ளரைக் காதோடு ஒட்டி வைத்துத் தட்டினார். "சன்னமாத்தான் கேக்குது. ஆனா நேரா கேக்குது." கண் கலங்கிவிட்டது. "குச்சிய பாக்காமலே அவள எடுத்துத் தொட்டியில போட்டுட்டேனே."

மறுநாள் அக்காவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் போனோம். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். "ஒரே சத்தம் நீளமா வந்தா, தானே விசிலடிக்கிறதா நினைச்சு இந்த மெஷின் அத அமுக்கப் பாக்கும். பேச்சுக்கு அது நல்லது. பாட்டுக்கு நடுங்கிடும். பாட்டு கேக்கறவர்னு நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

நான் தரையைப் பார்த்தேன்.

பெரிய கருவியில் பாட்டுக்கென்று தனியாக ஒரு பொத்தான் வைத்துத் தருவதாகச் சொன்னாள். அதை அமுக்கினால் அந்த அமுக்கல் வேலையெல்லாம் நின்றுவிடும். சுற்றிலும் உள்ள இரைச்சலும் சேர்ந்து வரும், சில சமயம் நிஜமாகவே விசிலடிக்கும், வெளியே தெரியும். "போனது முழுசா திரும்ப வராதுங்கய்யா" என்றும் ஒளிக்காமல் சொன்னாள்.

"தெரியட்டும். தலையில கொம்பு மாதிரி நின்னாலும் சரி" என்றார் மாமா. அதை மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "பாடேன்."

"விரிசல் விட்ட பாட்டில் நானு. நான் எதுக்குப் பாடணும்?" நாலு வாரமாக அடக்கி வைத்திருந்தது கொட்டியது. "என் கடையில கண்ணாடி போட்டதும் சுவரு வளைஞ்சு தெரிஞ்சா, கண்ணாடிய மாத்துவேன். நீங்க சுவர இடிக்கிற ஆளு."

"தப்புதான். காதுல கேட்டத நம்பி, உன்ன வாயால உடைச்சுட்டேன். மன்னிச்சுக்கம்மா." அவர் அவளை 'அம்மா' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

அக்கா கொஞ்ச நேரம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு நாலு சுவருக்குள், பரிசோதனைக் கருவிகளுக்கு நடுவே, மெல்ல ஆரம்பித்தாள். மேலே ஏறி அதே ஸ்வரத்தைப் பிடித்தாள். நாலு வாரம் பாடாத தொண்டை. கடைசியில் ஒரு இழை இறங்கியது, எனக்கே தெரிந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் நீர் ஓடியது, துடைக்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதுதான் அக்கா கேட்டாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "முடிவுல கொஞ்சம் இறங்கிடுச்சு, இல்ல?"

"இறங்குச்சு" என்றார் மாமா. "அது உன்னோடது. மெஷினோடது இல்ல. எத்தன வருஷம் கழிச்சு உன்னோடத கேக்கறேன் தெரியுமா?"

அக்கா பேருந்து வரும்வரை அந்த இடத்தையே முணுமுணுத்து ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.