அம்புக்குப் பொருத்தம் பார்த்தவர்

டென்மார்க்கில், இக்காஸ்ட் நகரில் எங்கள் பக்கத்து வீட்டுத் தமிழர் வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர். ஆள் கதவு நிலை முட்டுகிற உயரம், குரல் மட்டும் பூனைக்குரல். அம்புத் தண்டில் இரும்பு முனையைப் பூட்டி, நுனியை மேசையில் ஊன்றிப் பம்பரம்போலச் சுழற்றுவார். கொஞ்சம் ஆடினாலும் கழற்றி வேறு தண்டில் பூட்டுவார்.

"என்ன தம்பி, உன்ரை கலியாணத்துக்கும் இவ்வளவு பொருத்தம் பாத்தனியோ? சாகப்போற மானுக்கு என்னத்துக்கு இந்த வடிவு?" என்று நக்கலடித்தேன்.

"ஒருக்கா கனத்த முனையை வளையிற தண்டில பூட்டிப்போட்டன், அம்மா. அம்பு நெளிஞ்சு வயித்தில பட்டுது. மான் ஓடீட்டுது. நாயைக் கொண்டு தேடியும் கிடைக்கேல்லை. எங்கை கிடந்து துடிச்சுதோ."



மார்கழியில் இறைச்சி கொண்டுவந்து தந்தார். "இது விழுந்த இடத்திலயே முடிஞ்சுது," என்றார். கறி காய்ச்சி அவரையும் கூப்பிட்டேன். பருப்பும் சோறும் மட்டும் சாப்பிட்டார்.

"ஏன் தம்பி, கறி உறைப்போ?"

"இல்லை அம்மா. அண்டைக்கு ஓடின மானைத் தேடி எடுக்காத எனக்கு, இது இறங்காது."

பிறகு ஏன் இன்னும் வேட்டைக்குப் போகிறார் என்று கேட்க எனக்கு முகமில்லை. அந்தக் கறியை இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டவள் நான்.