மூன்றாவது கம்பம்

இயேசுதாசனுக்கு ஜாலான் புசார் வட்டாரத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு: மூன்றாவது கம்பம். இரும்புச் சாமான் கடையில் அவன் ஆணி நிறுத்துக் கொடுக்கும்போதுகூடப் பழைய ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெயரை வைத்தவன் மயூரன்.

இளமையில் இருவரும் பங்குக் கோயிலின் கால்பந்துக் குழுவில் ஆடியவர்கள். மயூரன் வலது ஓரமாக ஓடுவான்; தாசன் கோலுக்கு முன்னால் நிற்பான். ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போடுகிறவன், அது யாருக்கென்று பெயரைக் கத்திவிட்டுத்தான் போட வேண்டும். அது அந்தக் குழுவின் வழக்கம். கோப்பை இறுதியாட்டத்தில் மயூரன் "தாசா!" என்று கத்தினான். மைதானத்து இரைச்சலில் அது தாசன் காதில் மட்டும் விழுந்தது. பந்து அவன் தலைக்கு மேலே போய், காற்றில் வளைந்து, தானாக வலைக்குள் இறங்கியது.

"கோல்கீப்பர் முன்னால வந்ததைப் பாத்துட்டுத்தான் அடிச்சேன்," என்றான் மயூரன் அன்று மாலை. "நம்ம தாசன் பாவம், கோலுக்கு ரெண்டு கம்பம் போதாதுன்னு மூணாவது கம்பம் மாதிரி நின்னான்."

எல்லோரும் சிரித்தார்கள். தாசனும் சிரித்து வைத்தான். அன்றிலிருந்து கோயில் பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும்போது தாசன், மயூரன் கையை மட்டும் இரண்டு விரலால் தொடுவான்.

குழுவின் பொன்விழா வந்தது. செயலாளர் ஜோசபின் கடைக்கே வந்து கேட்டாள்: "வலது ஓரத்துல பெஸ்ட் யாரு அண்ணே? மயூரனா, இப்ப ஆடுற எய்டனா? ரெண்டு பேர் ஆட்டத்தையும் விடாமப் பாத்தவரு நீங்கதான். விருந்துல நீங்களே சொல்லி, கப்பையும் குடுத்துடுங்க."

தாசன் மறுக்கவில்லை. காத்திருப்பவனுக்குக் கதவு எந்தப் பக்கம் திறந்தால் என்ன?

டன்லப் தெரு உணவகத்து மாடியில், மனைவி மேனுகாவோடு முன் மேசையில் மயூரன். சட்டைப்பையிலிருந்து நன்றியுரைத் தாள் எட்டிப் பார்த்தது. தாசன் மைக்கைப் பிடித்தான்.

"வேகம் மயூரனுக்குத்தான். சேத்துல, தண்ணி குடிச்ச பந்தோட எய்டனால அப்படி ஓட முடியாது."

மயூரன் பெருந்தன்மையாகத் தலையாட்டினான்.

"ஆனா எய்டன் ஒரு பேரைச் சொன்னா, பந்து அந்த ஆளுக்குப் போய்ச் சேருது. மயூரா, அன்னிக்கு ஃபைனல்ல யார் பேரைக் கத்துன?"

"டேய், அது ஷாட் லா! ஷாட்டுக்கு எவன்டா பேர் சொல்லுவான்?"

பிரியாணித் தட்டிலிருந்து நிமிர்ந்தாள் மேனுகா. "என்னங்க, தாசன் அண்ணனுக்குப் போட்டது காத்துல கோலாயிடுச்சுன்னு வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்களே?"

கூடம் சிரிப்பில் வெடித்தது. "அப்ப காத்துக்குத்தான் கப் குடுக்கணும் அங்கிள்!" என்றான் எய்டன். தாசன் கோப்பையை அவன் கையில் கொடுத்தான்.

படிக்கட்டில் மயூரன் வழி மறித்தான். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா."

"அன்னிக்கு நீ சின்ன ஆளு. விழுந்தாலும் வலிச்சிருக்காது."

மயூரன் இறங்கிப் போனான். தாசன் அன்றிரவு நன்றாகத் தூங்கினான்.

காலையில் கடை திறந்ததும் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"என்னப்பா மூணாவது கம்பம், நேத்து மயூரன் மானத்தைக் கப்பலேத்திட்டியாமே!"

தாசன் தராசில் ஆணியைக் கொட்டினான்.