நிற்காத விடுப்புப் பட்டியல்

தொண்ணூறுகளின் நடுவில் துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். விடுப்பு விதிகள் இருபத்திரண்டும் நான் எழுதியவை. சிலருக்குப் பெற்ற பிள்ளைகள்மேல்கூட அவ்வளவு பெருமை இருக்காது. விடுப்புப் பட்டியலை இனிக் கம்ப்யூட்டர் போடட்டும் என்று முதலாளி சொன்னதும், சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த புரோகிராமர் ஒருவர் அந்த விதிகளை அதற்குள் ஏற்றினார். புதன்கிழமை காலை ஓடத் தொடங்கியது மதியம் வரை நின்றபாடில்லை.

மாலைக்குள் பட்டியல் டிக்கெட் ஏஜென்சிக்குப் போயாக வேண்டும். சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வந்த ஒரு தச்சர் என் மேஜை முன் நின்றார். சிவகங்கைப் பக்கத்துக்காரர். அடுத்த வாரம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் இவர் ஒருவர்தான். இவர் மடிக்காக ஏற்கெனவே ஒருமுறை தேதியைத் தள்ளிவைத்திருந்தார்கள்.

“இன்னைக்கு வந்துருமா சார்?”

புரோகிராமரைப் பார்த்தேன். வேலை நடக்கிறதா, எங்காவது மாட்டிக்கொண்டதா என்று தெரியவில்லை என்றார். அதைக் கண்டுபிடிக்க இன்னொரு புரோகிராம் எழுதுவதுதானே என்றேன். எது நிற்கும், எது நிற்காது என்று எல்லாப் புரோகிராமுக்கும் சரியாகச் சொல்லும் ஒன்றை யாராலும் எழுத முடியாது, அது நிரூபிக்கப்பட்டது என்றார். முடியாது என்பதை இவ்வளவு பெருமையோடு சொல்பவர்களை அதுவரை அரசு அலுவலகங்களில்தான் பார்த்திருந்தேன்.

எனக்குப் புரியும்படி விளக்கினார். “எந்த ஃபைலும் முடியுமா முடியாதான்னு தப்பே இல்லாம சொல்ற கிளார்க் ஒருத்தர் இருக்கார்னு வைங்க சார். நான் ஒரு ஃபைல் தயார் பண்ணுவேன். அது முதல்ல அவர்கிட்டயே போய், ‘நான் முடிவேனா’ன்னு கேக்கும். முடிவேன்னு சொன்னா சுத்திக்கிட்டே இருக்கும். மாட்டேன்னு சொன்னா உடனே முடிஞ்சிரும். அவர் என்ன சொன்னாலும் தப்பு.”

இருபது வருஷம் ஃபைல் பார்த்தவனுக்கு ஒப்புக்கொள்ள மனம் வருமா? அப்படிப்பட்ட விஷம ஃபைலை ஒதுக்கிவிடலாமே என்று வாதாடினேன். எது விஷமம் என்று சொல்லவும் அந்த இல்லாத கிளார்க்தான் வர வேண்டும் என்றார். தச்சர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப எனக்கு லீவு இல்லையா சார்?”

எல்லாவற்றையும் பற்றிச் சொல்ல முடியாதுதான். இந்த ஒன்றைப் பற்றி? விதிகளை எடுத்துப் படித்தேன். ஆறாம் விதி: மாற்று ஆள் விடுப்பு கேட்டிருந்தால், அவர் போய்த் திரும்பிய பிறகே ஒருவர் புறப்படலாம். இவர் வேலை பார்த்த சைட்டில் தச்சர்கள் இரண்டே பேர். ஒருவருக்கு மற்றவர் மாற்று. இருவருமே மனு போட்டிருந்தார்கள். இவர் புறப்பட அவர் திரும்ப வேண்டும்; அவர் புறப்பட இவர் திரும்ப வேண்டும். கையால் பட்டியல் போட்ட காலத்தில் இப்படி வந்தால் யாராவது ஒருவரைச் சத்தமில்லாமல் அனுப்பிவிடுவேன். என் விதியை நானே மீறுகிறேன் என்று தோன்றியதேயில்லை. கம்ப்யூட்டருக்கு அந்தக் கெட்ட பழக்கம் கிடையாது; இவரிடமிருந்து அவருக்கும் அவரிடமிருந்து இவருக்குமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“அணைச்சிடுங்க. இது நிக்காது.”

“எப்படி சார் சொல்றீங்க?”

“எழுதினவன் நான்.”

சைட்டுக்குப் போன் போட்டு, மற்றத் தச்சரையே கூப்பிட்டு, இரண்டு மாதம் பொறுப்பாரா என்று கேட்டேன். மாமன் மடியில்லாமல் எப்படிக் காது குத்துவார்கள், இதையெல்லாமா கேட்பீர்கள் என்று என்னையே கடிந்துகொண்டார். பட்டியலைக் கையால் எழுதி அனுப்பினேன்.

நூறு சுற்றுக்குமேல் போனால் ஓட்டத்தை நிறுத்தி என்னைக் கூப்பிடும்படி புரோகிராமர் அதை மாற்றினார். இது தீர்வே இல்லை என்று அவருக்கு வருத்தம். இதற்குப் பெயர்தான் நிர்வாகம் என்று ஆறுதல் சொன்னேன்.

தச்சர் சொன்ன தேதியில் திரும்பிவந்து ஒரு போட்டோவைக் காட்டினார். மடியில் மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அதைவிட இவர்தான் பயந்துபோயிருந்தார். மற்றவர் அந்த வாரமே ஊருக்குக் கிளம்பினார்.