புருனோவுக்கு வீடு பார்த்த கதை

நாய் பழக்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு, எந்த வீட்டுக்காரரும் நம்மை வாசலில் நிறுத்தி "யாருங்க, என்ன வேணும்?" என்று கேட்க வேண்டியதில்லை, அதை நாயே கேட்டுவிடும். நான் கோயமுத்தூரில் ஒரு கால்நடை டாக்டரிடம் உதவியாளாக இருந்தவன். ஊசி போடும்போது நாய்களைப் பிடித்துப் பிடித்தே அவற்றின் குணம் பழகி, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பழைய மொபெட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தேன். எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். பீளமேட்டில் சில அல்சேஷன், ரேஸ்கோர்ஸில் ஒன்றிரண்டு டாபர்மேன், மற்றபடி ஊர் முழுக்கப் பொமரேனியன். பொமரேனியன் சொன்ன பேச்சுக் கேட்காதுதான். ஆனால் கேட்காமல் போனால் யாருக்கும் கால் பிசகாது.

பெரிய நாய் அப்படியில்லை. அதுவும் வேட்டைக்கென்றே வளர்த்தெடுத்த பெரிய நாயை வீட்டில் வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், முதலில் உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். சங்கிலி பிடித்துப் பிடித்து ஒரு கை மட்டும் நீண்டுபோன கூட்டம் நாம். நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

வந்த நாள்

புருனோ ஜெர்மன் பாயின்டர். காப்பிக்கொட்டை நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் உயரம், இரண்டு வயது. வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் மேனேஜர் வளர்த்தது. அவர் குடும்பத்தோடு வெளிநாடு போகவேண்டி வந்தது. "நீங்க தொழில் தெரிஞ்சவர், உங்ககிட்ட இருந்தா எனக்கு நிம்மதி" என்றார். தொழில் தெரிஞ்சவர் என்று யாராவது சொன்னால் எனக்குத் தலை தானாக ஆடிவிடும். வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்றுவிட்டேன்.

சிங்காநல்லூரில் எங்களுடையது இரண்டு அறை வாடகை வீடு. முன்னறையில் என் மனைவி சாந்தாமணி தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். மேனேஜரின் ஜீப்பிலிருந்து இறங்கிய புருனோ நேராக உள்ளே போய், மிஷின் மேலிருந்த நூல்கண்டைக் கவ்விக்கொண்டு, கட்டிலைச் சுற்றி, அடுப்படிக்குள் புகுந்து, கொல்லைப்புறம் போய், மறுபடி முன்வாசலுக்கு வந்தான். இப்படி நாலு சுற்று. வீடு முழுக்கச் சிவப்பு நூல். அதற்கு நடுவில் கத்தரிக்கோலைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்த சாந்தாமணி, நான் உள்ளே வந்ததும் ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்:

"ஏனுங்க, இதுக்கு இந்த ஊடு பத்தாதுங்க. நாம வேணா வெளிய போயிரலாமுங்களா?"

வண்டி நின்றுபோனது

வேறு நல்ல இடம் கிடைக்கும்வரைதான் என்று பேச்சாயிற்று. இடம் பார்ப்பது என் பொறுப்பு. அதுவரை அவனைத் தினம் காலையில் ஓடவிட வேண்டும். இந்த ஜாதி நாய்க்கு நடை போதாது, இரண்டு மணி நேரம் ஓட்டம் வேண்டும். ஓடாவிட்டால் அந்தத் தெம்பையெல்லாம் வீட்டுச் சாமான்மேல் காட்டும். நான் மொபெட்டில் மெதுவாகப் போக, அவன் பக்கத்தில் ஓடிவருவான்.

முதல் நாள் எங்கள் தெருமுனை திரும்பியதுமே சட்டென்று நின்றுவிட்டான். முன்னங்கால் ஒன்று மடங்கி மேலே, வால் கம்பி மாதிரி நேராக, மூக்கு ஒரு குப்பைமேட்டை நோக்கி. இமைகூட அசையவில்லை. பறவை இருக்கும் இடத்தை வேட்டைக்காரனுக்குக் காட்டுவதற்காக இந்த நாய்கள் இப்படி நிற்கும் என்று கேள்விப்பட்டிருந்தேனே தவிர, கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குப் புல்லரித்துவிட்டது. குப்பைமேட்டுக்குப் பின்னாலிருந்து பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று வந்து, அவனைப் பார்த்துவிட்டு, மறுபடி கிளற ஆரம்பித்தது. அவன் அசையவில்லை. நான் கெஞ்சினேன், சங்கிலியை இழுத்தேன், பிஸ்கட் காட்டினேன். பால் வாங்கிக்கொண்டு திரும்பிய அடுத்த வீட்டு முருகேசண்ணன், பஸ் டிரைவராக இருந்து ரிடையரானவர், எங்கள் இருவரையும் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மாஸ்டர், வண்டி நின்னுபோச்சுங்களா? பின்னாடி ஒரு தள்ளு தள்ளி உடட்டுங்களா?"

ஓட்டிட்டு வா

முதலில் அகப்பட்ட இடம் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வக்கீல் வீடு. பெரிய காம்பவுண்டு. வக்கீலுக்குப் புருனோவைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. காலையில் கட்டாயம் ஓடவிட வேண்டும் என்று மூன்று முறை சொல்லி விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சாந்தாமணி மிஷினை நடு அறைக்கு இழுத்துப்போட்டுத் தாராளமாக உட்கார்ந்திருந்தாள். "அப்பாடா" என்றாள். ராத்திரி சோற்றுக் குண்டானில் ஒரு ஆளுக்கான சோறு மிஞ்சியிருந்ததை நான் கவனித்தேன்.

ஐந்தாம் நாள் வக்கீல் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் சோபாவின் பஞ்சு மாடிப்படி வரைக்கும் வந்திருந்தது. "தெனமும் ஓடுறானுங்களா?" என்றேன். "ஓடாம? டிரைவர்கிட்டச் சொல்லி, தெனமும் ரெண்டு ரவுண்டு ஓட்டிட்டு வான்னு அனுப்புறனே" என்றார் வக்கீல். டிரைவரைக் கூப்பிட்டு விசாரித்தேன். தினமும் காலையில் புருனோவை அம்பாசடர் காரின் பின்சீட்டில் உட்கார வைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, ரேஸ்கோர்ஸை இரண்டு ரவுண்டு சுற்றி வந்திருக்கிறார். காற்று வாங்கிக்கொண்டு அவனும் சந்தோஷமாகத்தான் வந்தானாம். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். டிரைவர் என் பக்கம் திரும்பி நியாயம் கேட்டார்:

"நீங்களே சொல்லுங்க மாஸ்டர், டிரைவர்கிட்ட ஓட்டிட்டு வான்னா வேற எதுங்க ஓட்டுவான்?"

எந்தக் கோழி?

அடுத்து பல்லடம். செல்லமுத்து என்று ஒரு கோழிப்பண்ணைக்காரர். அவருடைய காவல் நாய்களுக்கு நான்தான் பயிற்சி கொடுத்தேன். மனுசர் தங்கமானவர். "எடம் கெடக்குதுங்க மாஸ்டர், கூட்டிட்டு வாங்க" என்றார். பறவை பிடிக்கிற நாயைக் கோழிப்பண்ணைக்குக் கூட்டிப்போகலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அந்த யோசனை வந்தது. ஆனால் புருனோ எதையும் கடிக்கிற நாய் இல்லை, காட்டுகிற நாய். அதனால் துணிந்து போனேன்.

நீளமான ஷெட்டின் கதவைச் செல்லமுத்து திறந்தார். உள்ளே ஆயிரக்கணக்கில் வெள்ளைக் கோழி. புருனோ முதல் கோழியைப் பார்த்தான். கால் தூக்கி நின்றான். பக்கத்தில் இன்னொன்று தலையை நீட்டியது. அதைப் பார்த்து நின்றான். அதற்குள் இந்தப் பக்கம் ஒன்று. கால் தூக்குவதும் இறக்குவதுமாக, தலை இப்படியும் அப்படியுமாக, உடம்பெல்லாம் நடுக்கம். கொஞ்ச நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்: 'எதைன்னு சொல்லுங்க' என்பது மாதிரி. பிறகு அப்படியே படுத்து, முன்னங்கால்களுக்கு நடுவில் மூக்கைப் புதைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். மத்தியானச் சோற்றைத் தொடவில்லை. சாயங்காலம் நானே சொன்னேன், இது இவனுக்குத் தாங்காதுங்க, கூட்டிப்போய்விடுகிறேன் என்று. செல்லமுத்து குனிந்து அவன் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே சொன்னார்:

"பாவமுங்க. கடன ஒடன வாங்கிப் பண்ணை போட்டு, மொத லோடு குஞ்சு எறக்குன அன்னிக்கு நானும் இப்படித்தானுங்க படுத்துக்கிட்டேன்."

அக்கரை

மூன்றாவது இடம்தான் என்னை ஆட்டிவைத்தது. சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில், பவானி ஆற்றோரம், ஒரு வாடிக்கையாளருடைய வாழைத்தோட்டம். அவர் வேனிலேயே போய் இறங்கினோம். தண்ணீரைப் பார்த்ததும் புருனோவுக்குக் கால் நிற்கவில்லை. சரி, குளிக்கட்டும் என்று சங்கிலியைக் கழற்றினேன். அந்த நேரம் பார்த்து நடு ஆற்றுப் பாறையிலிருந்து நீர்க்காகங்கள் கூட்டமாக எழும்பின. புருனோ பாய்ந்தான், நீந்தினான், அக்கரை ஏறினான், புதருக்குள் போய்விட்டான். நான் கற்றுக்கொடுத்த விசில், கற்றுக்கொடுத்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் இருட்டும்வரை இக்கரையில் நின்று கத்தினேன். அந்தப் பக்கத்தை ஒட்டிக் காடு. சிறுத்தை நடமாட்டம் உண்டு என்று தோட்டத்து ஆள்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

முருகேசண்ணன் வீட்டு போனுக்கு அடித்துச் சாந்தாமணியைக் கூப்பிடச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "ம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் பழைய சோற்றுப் போசி. பரிசல் பிடித்து அக்கரை போனோம். மூன்று மைல் நடந்திருப்போம். ஒரு வெள்ளாட்டுக் கூட்டத்துக்கு நடுவில், முட்புதர் ஒன்றைப் பார்த்து, ஒரு கால் தூக்கி நின்றுகொண்டிருந்தான். நான் விசில் அடித்தேன். காது மட்டும் ஆடியது. சாந்தாமணி, "புருனு, போதும் வா கண்ணு" என்றாள், சத்தமே போடாமல். அவ்வளவுதான். ஓடிவந்த வேகத்தில் அவளைக் கீழே தள்ளி, முகமெல்லாம் நக்கி, போசியைக் கவிழ்த்து, எல்லாம் செய்தான். அவள் உட்கார்ந்த இடத்திலேயே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் கொஞ்சம் தள்ளி நின்று மரத்தைப் பார்த்தேன். முந்தின நாள் ராத்திரி அவனுக்குக் கம்பங்கூழ் ஊற்றிய ஆட்டுக்காரர், எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார்:

"அம்மணி, நாய நல்லாப் பழக்கி வெச்சிருக்கீங்க. அந்த விசிலூதுறவருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க, பாவம்."

நாற்பது ஏக்கர்

அதற்கப்புறம் நான் இடம் பார்ப்பதை விட்டுவிட்டேன். இடம் எங்களைத் தேடி வந்தது. செல்லமுத்துவின் சம்பந்தி, வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் நாற்பது ஏக்கர் மேய்ச்சல் நிலம் வைத்திருக்கும் ராமசாமி என்பவர், புருனோவைப் பற்றிக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார். நாய் பாஷை தெரிந்தவர். கையை நீட்டி மோந்து பார்க்கவிட்டு, அப்புறம்தான் தொட்டார். "எங்க காட்ல கவுதாரியும் காடையும் கெடக்குதுங்க. சுடற பழக்கம் நமக்கு இல்லீங்க. சும்மா ஓடட்டுங்க" என்றார். குறை சொல்ல ஒன்றுமில்லை. சாந்தாமணி காப்பி டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். "ஒருக்காப் போய்ப் பாத்துப்போட்டு வரலாமுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு, கண்ணுக்கெட்டின தூரம் வரை. சங்கிலியைக் கழற்றியதும் புருனோ ஓடிய ஓட்டத்தை என்னால் எழுத முடியாது. இத்தனை நாளும் நான் பார்த்தது பாதி நாயைத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. காடு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகப் போய், உழவு நடந்துகொண்டிருந்த பக்கத்து வயலின் ஓரத்தில் சட்டென்று நின்றான். ராமசாமி கையைத் தூக்கி டிராக்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு மெதுவாகப் போய்ப் பார்த்தார். புல்லுக்குள் காடைக் கூடு, ஏழு முட்டை. அந்த மூலையை உழாமல் விடும்படி தன் டிராக்டர் ஆளுக்குச் சொன்னார். அப்பேர்ப்பட்ட மனுசர்.

நான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு சாந்தாமணியிடம், "இவனுக்கு இதுதான் சரியான எடம்" என்றேன். "ஆமாங்க" என்றாள். சங்கிலியைச் சுருட்டி ராமசாமி கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் பார்வை எங்கள்மேல் இல்லை. ரொம்ப நேரம் புருனோவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சங்கிலியைத் திருப்பி அவள் கையிலேயே வைத்துவிட்டுச் சொன்னார்:

"நாப்பது ஏக்கரா ஓடுதுங்க, ஆனா நாலு எட்டுக்கு ஒருக்கா திரும்பி அம்மணி இருக்கறாங்களான்னு பாத்துக்குது. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கூட்டியாங்க, ஓடட்டும். மிச்ச நாளு அவனோட ஊட்லயே இருக்கட்டுங்க."

எத்தனையோ வீட்டு நாய்களைப் பழக்கிவிட்டேன் என்று ஊருக்குள் எனக்கு நல்ல பேர்தான் என்றாலும், என் சொந்த வீட்டில் நன்றாகப் பழக்கப்பட்டது நான் ஒருவன்தான்.