ஒன்றும் இல்லாத போன்

செல்போன் பழுது பார்க்கிறவனை உடைந்த போன்கள் அவ்வளவாகப் படுத்துவதில்லை. நன்றாக ஓடுகிற போன்கள்தான் படுத்துகின்றன.

மணி பார்க்கப் போய்க் கடன் விளம்பரத்தைத் தொட்டுவிட்டவர்களே, அம்மாவைக் கூப்பிடப் போய் ஏதோ ஒரு செயலியை இறக்கிவிட்டவர்களே, நீங்களெல்லாம் எனக்கு உறவுக்காரர்கள். தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கடை. வயல் வேலையும் மில் வேலையும் முடிந்து ஆட்கள் வருவது பொழுது சாய்ந்த பிறகுதான். அதனால் நான் சாயங்காலம் போய் உட்காருவேன். கூட்டம் கலைந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, விடியும்வரை லென்ஸும் சால்டரிங்குமாக என் பாடு. யாரும் சொல்லித்தந்த தொழில் அல்ல. டேப் ரிக்கார்டரில் தொடங்கி, டிவிக்குப் போய், எதிலும் நிலைகொள்ளாமல் இங்கே வந்து சேர்ந்தேன்.

இப்போது சொல்லப்போவதெல்லாம் என் மனைவி செலினின் போன் செத்ததிலிருந்து தொடங்குகிறது. வாங்கி எத்தனையோ வருஷம் ஆன போன். திரையில் மேலே மணி, நடுவே பேத்தி படம், கீழே என் படம். என் படத்தைத் தொட்டால் எனக்கு அடிக்கும். அவ்வளவுதான் அந்தப் போன். அதைப் பார்த்தாலே வீடு பெருக்கி வைத்ததுபோல் இருக்கும். துணி ஊறிய வாளியில் விழுந்து போர்டு பச்சை பிடித்துவிட்டது. என்னால் பிழைக்கவைக்க முடியவில்லை. செலின் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவள். சில சமயம் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். நாஞ்சிக்கோட்டை வீட்டில் ராத்திரியெல்லாம் தனியாக இருப்பவள், அந்த நடுங்கும் விரலால் ஒரே தொடலில் என்னைக் கூப்பிட முடியவேண்டும். பேத்தியை வீடியோவில் பார்க்கவேண்டும் என்பதால் பட்டன் போன் ஆகாது. என் கைக்கு எட்டும் விலையில் அப்படியொரு போனைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் கண்டதும் கேட்டதும்தான் இவை.

மோட்டாருக்கு வந்த கெட்ட பெயர்

ஒரத்தநாடு பக்கத்து விவசாயி கோவிந்தராசு தன் புதுப் போனை மேசையில் வைத்த வேகத்தில் என் திருகாணிகள் நாலாபக்கமும் உருண்டன. அவருடைய போர் மோட்டாரில் சிம் போட்ட பெட்டி ஒன்று உண்டு. வீட்டிலிருந்தபடியே அந்தப் பெட்டிக்குப் போன் போட்டு மோட்டாரை ஓடவிடலாம். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் பெட்டியே அவரைக் கூப்பிட்டுச் சொல்லும். எண் மனப்பாடம் என்பதால் பெயர் போட்டுப் பதியவில்லை. புதுப் போனிலோ யாரும் கேட்காத ஒரு பாதுகாப்புச் செயலி முன்கூட்டியே உட்கார்ந்திருந்தது. அடிக்கடி கூப்பிட்டு உடனே வைத்துவிடுகிற எண்ணைக் கண்டதும், மோசடி அழைப்பு என்று சிவப்புப் பட்டை கட்டி அடைத்துவிட்டது. கரண்ட் வந்ததே மனிதருக்குத் தெரியவில்லை. நாற்றங்காலில் ஒரு பக்கம் பாளம் பாளமாக வெடித்துவிட்டது.

செயலியை முடக்கி, எண்ணுக்குப் பெயர் போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மோட்டார் கூப்பிட்டது. காதில் வைத்துக் கேட்டவருக்கு முகம் கொஞ்சம் இளகியது, கோபம் இறங்கவில்லை.

"எங்கப்பா போட்ட போருங்க அது. அந்த மோட்டாரப் பத்தி நேத்து வந்த போனுக்கு என்னங்க தெரியும்?"

முதல் அழைப்பு

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. போன் வாங்கியவர் சிம்மைப் போட்டதும், கவுண்டரில் நின்றபடியே முதல் அழைப்பை யாருக்காவது போடுவார். அந்த நேரம் கடையில் ஒருவரும் பேச மாட்டோம். பஷீர் ஃபேனைக்கூட நிறுத்திவிடுவான். பஷீர் கூத்தாநல்லூர்க்காரன், புதுப் போன் விற்கிற பக்கம் அவனுடையது, பழுது பக்கம் என்னுடையது. அம்மாவுக்கு, பேச்சு வார்த்தை நின்றுபோன அண்ணனுக்கு, ஒருமுறை இறந்துபோன தகப்பனாரின் எண்ணுக்கு என்று எத்தனையோ முதல் அழைப்புகளை, கேட்காததுபோல் கேட்டிருக்கிறோம். அந்தச் சில நொடி அமைதிக்காகவே நான் இந்தத் தொழிலில் தங்கினேனோ என்றுகூடச் சில சமயம் தோன்றும்.

இப்போது அது இல்லை. மகள் பிரசவத்துக்காகத் தஞ்சாவூர் வந்திருந்த அதிராம்பட்டினத்து அம்மா ஒருவர், வெளிநாட்டிலிருக்கும் மருமகனுக்குச் சேதி சொல்ல அவசரமாகப் புதுப் போன் வாங்கினார். போன் அவரிடம் மொழி கேட்டது, ஊர் கேட்டது, கணக்கு கேட்டது, கடவுச்சொல் கேட்டது. எல்லாவற்றுக்கும் பஷீர் பதில் சொல்லி முடித்ததும், உங்களுக்குப் பிடித்த விளையாட்டு எது என்றது. இதற்கிடையில் ஏழெட்டுச் செயலிகள் தாமாக இறங்கிக்கொண்டிருந்தன. அம்மா நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"பேத்தி பொறந்தத சொல்லத்தான் தம்பி வாங்குனேன். நான் சொல்றதுக்குள்ள அவ எந்திரிச்சு நடந்துடுவா போலருக்கே!"

உப்பளத்துக்காரர் கேட்ட கேள்வி

வேதாரண்யத்து உப்பளத்தில் மேஸ்திரியாக இருக்கும் தங்கையன் பழைய வாடிக்கை. பாலித்தீன் பையில் சுற்றிய போனோடு வருவார். சார்ஜ் போடும் துளையில் உப்பு பூத்திருக்கும். நான் சுரண்டி எடுத்துக் கொடுப்பேன். இந்த முறை சுரண்டியும் பயனில்லை. புதிது வாங்கவேண்டியதுதான் என்றதும், ஏதோ சாவுச் சேதி கேட்டதுபோல் நின்றார். பஷீர் காட்டிய போனைத் திறந்து பார்த்துவிட்டு, "பேசணும், மழை வருமான்னு பாக்கணும். மத்ததெல்லாம் அழிச்சிட்டுக் குடுங்க" என்றார். அழிக்கிறதை அழித்தேன். சில செயலிகள் நகர மறுத்தன. கம்பெனியே வைத்து அனுப்பியது, போகாது என்று விளக்கினேன். அவர் போனைக் கவுண்டரில் வைத்தார்.

"அப்ப வீடு என்னுது, காசும் என்னுது, உள்ள இருக்கிற குடித்தனக்காரன் மட்டும் காலி பண்ண மாட்டான். அப்படித்தானே?"

செலின் தொட்டது

நல்லதாகக் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று கடையில் கிடந்த ஒரு மலிவுப் போனைச் செலினுக்குக் கொடுத்திருந்தேன். முடிந்தவரை சுத்தம் செய்து, முன்திரையில் என் படத்தையும் வைத்துத்தான் கொடுத்தேன். ஒரு நாள் விடிகாலையில் நான் வீடு திரும்பியபோது கதவு திறந்து கிடந்தது. செலின் அடுப்படித் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட் முழுக்க வியர்வை. உதட்டிலும் விரலிலும் சீனி. சுற்றிலும் டப்பா கொட்டிக் கிடந்தது, எறும்புகூட வந்துவிட்டது. பக்கத்தில் கிடந்த போனில் என்னென்னவோ வண்ணங்கள் மின்னிக்கொண்டிருந்தன.

நான் அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். கேட்ட தொனி எனக்கே பிடிக்கவில்லை. அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை. களைத்துப்போன குரலில் சொன்னாள்.

"உங்களத்தாங்க தொட்டேன். ரம்மி ஆட வர்றீங்களான்னு கேட்டுச்சு."

கேட்பாரற்ற பெட்டி

அன்று சாயங்காலம் பஷீரின் அலமாரி முழுவதையும் இறக்கவைத்தேன். பக்கத்து ஜூஸ் கடையில் ஒரு கிண்ணம் ஐஸ் வாங்கி, விரல் மரத்து நடுங்கும்வரை கையை அதில் வைத்திருந்து, அந்தக் கையால் ஒவ்வொரு போனிலும் முன்திரையில் வைத்த என் படத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்று பூட்டிய திரையில் சினிமாச் செய்தி காட்டியது. ஒன்று தானாகப் படம் மாற்றிக்கொண்டது. இன்னொன்று, தன்னைப் பற்றி எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று விசாரித்தது. "அண்ணே, கேமராவப் பாருங்கண்ணே, நிலாவுல இருக்கிற குழி தெரியும்" என்று பஷீர் இடையில் புகுந்தான். உங்க அண்ணிக்கு நான் தெரிஞ்சா போதும்டா என்றேன். அவனும் ஒரு கையை ஐஸில் வைத்தான்.

கடைசியில் மேல்தட்டின் மூலையிலிருந்து மூலை நசுங்கிய ஒரு பெட்டி வந்தது. போன வருஷத்து மாடல். கேமரா சுமார், வேகமும் சுமார்தான். திறந்ததும் வெள்ளைத் திரை, மணி, கீழே போன் அடிக்கும் பொத்தான். தொட்டது வந்தது, தொடாதது வரவில்லை. விலையும் என் கைக்குள் அடங்கியது. கடைக்கு லாபம் இல்லாத சரக்கு. எத்தனை நாளாக இது இங்கே கிடக்கிறது என்று கேட்டேன். பஷீர் பெட்டியின் தூசியைச் சட்டையில் துடைத்தான்.

"இதுல ஒண்ணுமே இல்லையேன்னு சொல்லிட்டுத்தாண்ணே எல்லாரும் வச்சிட்டுப் போனாங்க."

மூச்சு

செலினுக்கு முதலில் அந்தப் போன் பிடிக்கவில்லை. வெறிச்சென்று இருக்கிறது என்றாள். என் படத்தைத் தொட்டதும் ஸ்பீக்கரிலேயே பேசும்படி அமைத்துக் கொடுத்தேன். அதன்பிறகு தினமும் ஒருமுறை கூப்பிடுவாள். "சும்மாத்தாங்க, போகுதான்னு பாத்தேன்" என்று வைத்துவிடுவாள்.

ஒரு நாள் கடையில் கூட்டம் நெரிகிற நேரத்தில் அவள் அழைப்பு வந்தது. எடுத்தேன். பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது; ஏதோ தட்டு உருளும் சத்தம். லைனைத் துண்டிக்காமல் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். கையிலிருந்த ஒருவருடைய போர்டை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. தெருவில் அன்று செபக்கூட்டம்; சீக்கிரம் முடிந்துவிடும், வந்து சாப்பிடலாம் என்று ஊசியைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். ஒருவர் மாற்றி ஒருவர் செபம் சொல்லிக் கூட்டம் நீண்டுவிட்டது. வீடு வந்து சாப்பாட்டுத் தட்டை எடுத்தவள், அது கைநழுவ, அடுப்படி நிலைப்படிக்கு உள்ளே அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சீனியைக் கரைத்து வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். செலின், செலின் என்று நான் கூப்பிடுவது அவள் மடியிலிருந்த போனிலிருந்து எனக்கே திரும்பக் கேட்டது. லைன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் நிறம் திரும்ப நேரமானது. திரும்பியதும் அவள் என் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தாள்.

"பேச வரலைங்க. ஆனா நீங்க வண்டிய உதைச்சதுலேருந்து நம்ம தெரு திரும்புற வரைக்கும் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

கூப்பிட்டால் வந்து, கூப்பிடாதபோது வாயை மூடிக்கொண்டிருக்கும் குணம் மனிதர்களிடமே அரிதாகிவிட்ட காலத்தில், அதை மலிவு விலைப் போனில் எதிர்பார்க்கிறவன் கொஞ்சம் அலையத்தான் வேண்டும் போலிருக்கிறது.