வேகாத பன்

என் தங்கை மோனிஷா மூணாறு பக்கம் சின்னக்கானலில் தனியாக ஒரு பேக்கரி நடத்துகிறாள். பெயர்ப்பலகை கிடையாது. சாலையோரம் மூடிக் கிடக்கும் ஒரு கடையின் பின்னறைதான் பேக்கரி. அதிலேயே படுக்கை, அதிலேயே மாவு மூட்டை, அதிலேயே இரண்டு தட்டு கொள்ளும் கேஸ் ஓவன்.

தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள். நான் ஆறாம் வகுப்போடு நின்றேன். அவள் பத்து முடித்தாள். இரண்டு வருடம் கொழுந்து கிள்ளினாள். கல்யாணமாகிப் பதினாலாவது மாதம் ஒரு பையோடு திரும்பி வந்தாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு ஒரு ரிசார்ட்டில் பாத்திரம் கழுவப் போனாள். பக்கத்தில் நின்று பார்த்தே பன் சுடக் கற்றுக்கொண்டாள். மூணாறில் மூடிய பேக்கரி ஒன்றின் பழைய ஓவனை வாங்கி ஜீப்பில் ஏற்றி வந்தபோது இறக்கிவைக்க நான் போயிருந்தேன். மாவு ஐந்து கிராம் கூடினாலும் கிள்ளி எடுத்துவிடுவாள். அவளைப்போல ஒருத்தி எங்கள் குடும்பத்தில் இதுவரை இல்லை.

அப்பா அம்மா போன பிறகு மலையில் எங்கள் ஆள் என்று அவள் ஒருத்திதான். நான் கீழே போடியில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். எங்களோடு வந்து இரு என்று பலமுறை கூப்பிட்டிருக்கிறேன். "ஓவன் ஓடுற வரைக்கும் நான் இங்கதாண்ணே" என்பாள்.

போன ஆடியில் அந்த ஓவன் சூடு ஏறாமல் போனது.

அவளிடம் தினமும் வாங்குவது ஒரே ஒரு ரிசார்ட். காலை ஏழு மணிக்கு நாற்பது பன். அங்கே தலைமைச் சமையல்காரர் ராஜசேகர். இரண்டு நாள் தொடர்ந்து பன்கள் மேலே வெளுத்து, உள்ளே பிசுபிசுவென்று இருந்தன. இரண்டாம் நாளான ஞாயிற்றுக்கிழமை அவர் ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "என்னம்மா, பன்னு கேட்டா கொழுக்கட்டை கொண்டாந்திருக்க? நாளைக்கும் இப்பிடித்தான்னா நான் அடிமாலிக் கடையில சொல்லிருவேன். கோவிச்சுக்கிடாத."

அன்று காலை பத்து மணிக்கு மோனிஷா எனக்குப் போன் செய்தாள். வழியில் மண் சரிந்து கிடந்ததால் மெக்கானிக் புதன்கிழமைக்கு முன்னால் வர முடியாது என்றுவிட்டார்.

அவள் அறையில் ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல். ஜன்னலிலிருந்து ஓவன் ஆறேழு எட்டு வைக்கும் தூரம். நான் ஒன்று கேட்பேன். அவள் போனை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்து வருவாள். அந்த நேரமெல்லாம் எனக்குக் காற்றின் இரைச்சலும் அவள் செருப்புச் சத்தமும் மட்டும் கேட்கும். வேறு மனுஷச் சத்தம் ஒன்றுகூட இல்லை. அவளுடைய நாள் இப்படித்தான் போகிறது என்று அன்றுதான் காதால் கேட்டேன்.

"சிலிண்டர் மாத்திப் பாத்தியா?"

"மாத்திட்டேண்ணே. அப்பிடியேதான் இருக்கு."

"டியூப் எங்கயும் மடங்கியிருக்கா?"

போனாள், வந்தாள். "இல்லண்ணே."

"பர்னர் ஓட்டை?"

"நேத்தே கேஸை மூடிட்டு ஒவ்வொண்ணா ஊசி விட்டு எடுத்தேன். அறுபத்திரெண்டு ஓட்டை. எண்ணுனேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "சூடு எவ்வளவு காட்டுது?"

"நூத்து நாப்பதுல நின்னுருது. எரநூறு வேணும்."

"தீ என்ன நிறம்?"

இந்த முறை அதிக நேரம் ஆயிற்று. "கதவு தொறந்திருந்தா நீலம். மூடிட்டுத் துவாரத்து வழியாப் பாத்தா, கொஞ்ச நேரத்துல மஞ்சளாயி ஆடுது. தட்டுக்கடியில கரிகூடப் பிடிக்குதுண்ணே."

ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் அடுப்போடு பதினெட்டு வருடம் கிடந்தவன் நான். கதவைத் திறந்தால் நீலம், மூடினால் மஞ்சள் என்றால் கேஸில் குறை இல்லை. தீக்குக் காற்றுப் போதவில்லை.

"ஏட்டி, ஓவனுக்கு அடியில வரிசையா கீறல் கீறலா இருக்குமே, அது தொறந்திருக்கா?"

"அதையா? அதான் வெள்ளிக்கிழமையே ஒட்டிட்டேனே. காத்து உள்ள பூந்து தீயை அணைச்சுக்கிட்டே இருந்துச்சு. வெள்ளித்தாளு வெட்டி, நாலு பக்கமும் நல்லா நெருக்கமா ஒட்டியிருக்கேன். பின்னாடி மேல ஒரு ஓட்டை, அதையும்."

குரலில் பெருமை இருந்தது. எஸ்டேட்டில் பிறந்த யாரும் செய்யக்கூடியதுதான். தேயிலைத்தூள் மூட்டையின் உட்பக்கம் வெள்ளித்தாள் ஒட்டிய காகிதம் இருக்கும். மழைக்காலம் வந்தால் லயத்தில் எல்லோரும் அதை வெட்டி, சுவர், கதவு, கூரை என்று காற்று வரும் இடத்தையெல்லாம் அடைப்போம். காற்று நுழையும் ஓட்டையைக் கண்டால் எங்கள் கை சும்மா இருக்காது.

"ஜன்னலு?"

"அதையுந்தான். இப்ப சிக்னலுக்காகத் தொறந்திருக்கேன்."

"தலை வலிக்குதா?"

"ரெண்டு நாளா. குளிருக்குன்னு நெனச்சேன்."

"குளிரு இல்லட்டி. தீ சரியா எரியாம வர்ற புகை. அது கண்ணுக்குத் தெரியாது. கதவடைச்ச ரூம்ல ஆளையே கொன்னுரும். இப்பவே ஓவனை அணை. ஜன்னலையும் கதவையும் விரியத் திற. வெளிய போயி நில்லு."

அரை மணி நேரம் அவளை வெளியே நிறுத்தினேன். பிறகு தாளையெல்லாம் உரிக்கச் சொன்னேன். காற்றுத் தடுக்க ஓவனிலிருந்து ஒரு முழம் தள்ளித் தகரம் நிறுத்தச் சொன்னேன். ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும் என்று மூன்று முறை சொல்லி, மூன்று முறையும் அவளைத் திருப்பிச் சொல்ல வைத்தேன். அதன் பிறகு பற்ற வைத்தாள்.

"அண்ணே, எரநூறு. இருபத்தஞ்சு நிமிசத்துல எரநூறு!"

சந்தோஷப்பட்டேன். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஓவன் வீணாகப் போயிருந்தால் அவள் கீழே வந்திருப்பாள். கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோதே அது எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அழைத்தாள். "நாப்பதையும் எடுத்துக்கிட்டாருண்ணே. 'கொழுக்கட்டை இல்லையா இன்னைக்கு'ன்னு கேக்காரு, வெவரங்கெட்ட மனுசன்."

"தலைவலி?"

"இல்ல. சரி வைக்கட்டா? நாளைக்கு மாவு பிசையணும்."

ஓவன் கெட்டுக் கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு முறை அழைத்தாள். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு பதினோரு நாள் அழைப்பே இல்லை. பன்னிரண்டாம் நாள் நானே அழைத்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. தீ என்ன நிறம் என்று கேட்டேன். இரு என்று போனை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். செருப்புச் சத்தம் தள்ளிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.