செய்யூருக்கு ஆயில் மட்டும் போனது

நீங்கள் அந்த ஃபில்டரை மறக்கவில்லை. அன்று காலை வேண்டுமென்றேதான் காரின் ஆயிலை வடித்தீர்கள்.

என் கணவரைத்தான் சொல்கிறேன். மற்றவர்களுக்கு விஷயம் தெரியாது என்பதால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவருக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம், ஷிப்ட் வேலை. நான் செய்யூரில் வேர்க்கடலை பயிரிடும் வீட்டுப் பெண். அவர் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். வீட்டை ஒட்டித் தகர ஷெட் போட்டார். காருக்கு உறை தைத்தது நான். அதன் பிறகு கார் உறைக்குள் இருந்தது, நான் வீட்டுக்குள் இருந்தேன். வேலைக்கு அவர் ஆபீஸ் பஸ்ஸில் போவார். காய்கறி வாங்க சைக்கிள். ஞாயிறு தவறாமல் உறையை எடுப்பார், ஸ்டார்ட் செய்வார், குவார்ட்டர்ஸ் ரோட்டில் ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து மூடிவிடுவார். மகாபலிபுரம் கூப்பிடு தூரம். அங்கே கூட அந்தக் காரில் நான் போனதில்லை.

எஞ்சின் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும் என்று அவரைக் கேட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். ஐயாயிரம் கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. அக்கம்பக்கம் எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அவர்கள் கார்களுக்குக் கிலோமீட்டர் முந்தியது. திருப்பதி போனார்கள், வேளாங்கண்ணி போனார்கள், வடித்த ஆயில் தார் மாதிரி இருந்தது. எங்கள் காருக்கு மட்டும் எப்போதும் ஆறு மாதம்தான் முந்தியது. ஆயில் தேன் நிறத்தில் வந்தது.

அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். ஓடாத வண்டியிலும் ஆயிலில் ஈரம் சேரும், கெட்டுப்போகும். அதுவும் கடற்காற்று அடிக்கும் ஊர். "அப்ப ஓட்டுங்களேன்" என்றேன் ஒருமுறை. "மெஷினைப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்றார்.

தெரிந்துகொள்ளலாம் என்று செங்கல்பட்டில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அவர் பகல் ஷிப்ட் போகும் நாட்களில் பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டேன். "யக்கா, கிளச்ச அப்டியே மெள்ள வுடு, பாம்ப மிதிச்ச மாரி துள்ளாத" என்று கத்துவான் கற்றுக்கொடுத்தவன். துள்ளித் துள்ளி ஒருநாள் துள்ளாமல் ஓட்டினேன். லைசென்ஸ் வந்ததும் அவரிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டோ நல்லா விழுந்திருக்கு" என்றார். அதோடு சரி. ஷெட் ஆணியில் தொங்கிய கார் சாவி மறுநாளிலிருந்து அவருடைய ஆபீஸ் பைக்குள் போய்விட்டது.

அந்த வருடம் செய்யூரில் என் அக்கா வீடு கட்டி முடித்தாள். கிரகப்பிரவேசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு நாள் மட்டும் நான் காரை ஓட்டிக்கொண்டு போகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள் என்று கேட்டேன். நாள் கணக்கில் கேட்டேன். கடைசியில் "சரி, பார்ப்போம்" என்றார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அக்காவுக்குச் சொல்லியனுப்பினேன். அவள் தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள்.

அன்று விடியும்போது ஷெட்டில் எஞ்சின் சத்தம் கேட்டது. நான் கேட்காமலே அவர் வண்டியைத் தயார் செய்கிறார் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் கொசுவம் கூட சரியாக நிற்கவில்லை. பட்டுப்புடவையோடு வெளியே வந்தேன். எஞ்சின் நின்றுவிட்டிருந்தது. அவர் காருக்கு அடியில் படுத்திருந்தார். நான் துணி ஊறவைக்கும் நீல டப்பில் ஆயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆயில் சூடாக இருந்தால்தான் முழுதாக வடியும், அதற்காகத்தான் ஸ்டார்ட் செய்திருக்கிறார்.

"இன்னைக்கா மாத்துவீங்க?"

"ஆறு மாசம் நேத்தோட முடிஞ்சிருச்சு."

"சரி, புது ஆயில ஊத்துங்க. கிளம்பலாம்."

"ஃபில்டர் மாத்தாம எப்படி ஊத்துறது? ஃபில்டர் செங்கல்பட்டுலதான் கிடைக்கும். ஞாயித்துக்கிழமை கடை லீவு."

"அப்ப ஏன் வடிச்சீங்க?"

அவர் வடிந்த ஆயிலை ஒரு கேனில் ஊற்றி, துணியால் துடைத்து, என் பக்கம் நகர்த்தினார். "உங்க அக்கா வீட்டுக்காரரு வேலிக் கம்புக்குக் கேட்டார்லா, கரையான் வராம தடவுறதுக்கு. பஸ்ல கொண்டுபோயிரு. நான் பின்னாலேயே வந்துருதேன்."

நான் அந்தக் கேனை அவர் மேல் கவிழ்த்திருக்க வேண்டும். தூக்கிக்கொண்டு போனேன். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது.

பஸ்ஸில் கண்டக்டர் பார்த்துவிட்டான். "யம்மா, இன்னா அது? கிருஷ்ணாயிலா? எறக்கு, எறக்கு."

"பழைய கார் ஆயில்பா."

"காரு ஆயில எத்தினு பஸ்ல வர்றியே, காரு எங்க போச்சு?"

பஸ்ஸே சிரித்தது. பாலாற்றுப் பாலம் தாண்டி, சவுக்குத் தோப்புகள் தாண்டி, செய்யூர் வரைக்கும் கேனைக் கால்களுக்கு நடுவில் இடுக்கி நின்றுகொண்டே போனேன். மூடி கசிந்து புடவைக் கரையில் கறை பிடித்தது.

அக்கா வீட்டு வாசலில் கார் நிற்பதற்காக இடம் விட்டு வைத்திருந்தார்கள். அக்கா புருஷன் கேனைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "காரு வருதுன்னு மாட்டையெல்லாம் அவுத்து அந்தாண்ட கட்டினேன். காரு வரல, அத்தோட ஆயிலு மட்டும் வந்துகீது!"

"நீ சும்மா கெட" என்று அக்கா அவரை அதட்டினாள். பிறகு என் காதருகில் வந்து, "இன்னாடி இது? நீயே ஓட்டிகினு வருவேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே. பொய் சொன்னியா?" என்றாள்.

நான் பொய் சொன்னதாகவே ஆகிவிட்டது. எனக்கு ஓட்டவே தெரியாது என்று இன்றைக்கும் செய்யூரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பின்னாலேயே வருவதாகச் சொன்னவர் வரவில்லை. மாலை வீடு திரும்பியபோது கார் உறைக்குள் இருந்தது. நீல டப்பைத் தேடி ஷெட்டுக்குப் போனேன். அங்கே குப்பையில் பழைய ஃபில்டர் கிடந்தது. பக்கத்திலேயே புது ஃபில்டரின் காலி அட்டைப்பெட்டி. கடை லீவு நாளில் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"அலமாரியில ஒண்ணு இருந்திருக்கு. மறந்துட்டேன்."

ஆறு மாதம் எந்த நாளில் முடிகிறது என்பது வரைக்கும் மறக்காத மனிதர் சொல்கிறார்.

அதற்குப் பிறகு நான் சாவி கேட்கவில்லை. லைசென்ஸ் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் சத்தம் கேட்டால் அடுப்படிக்குள் போய்விடுவேன். அது எங்கேயும் போவதற்காக ஓடவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் ரிட்டையர் ஆனபோது காரை விற்றார். வாங்க வந்தவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "சார், புது வண்டி மாதிரி இருக்கு" என்றார். இவர் பூரித்துப்போனார். வந்தவரின் மனைவி முன் சீட்டில் ஏறிக் கண்ணாடியை இறக்கினாள். அப்படியே மகாபலிபுரம் போய்விட்டு வீட்டுக்குப் போகப் போகிறார்களாம்.

இப்போது செங்கல்பட்டில் இருக்கிறோம். எங்கள் நகர் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விழாவில் காரைப் பராமரிப்பது பற்றி அவர் பேசப்போகிறார். வீட்டில் நின்றபடியே பேசிப் பார்க்கிறார். ஐயாயிரம் கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம். அடுப்படியில் எனக்குக் கேட்கிறது.

பேசுங்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். ஆயில் மாற்றுவதைப் பற்றிச் சொல்லி முடித்ததும் நான் எழுந்து கேட்பேன். வீட்டில் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், ஒவ்வொரு தடவையும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டீர்கள். அங்கே பேப்பர் இருக்காது. அன்று ஆயில் வடிக்கப் போல்ட்டைத் திறக்கும்போது அலமாரியில் ஃபில்டர் இருந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? மைக்கைக் கீழே வைக்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.